பிபி மாத்திரை: யாருக்கு எது பொருந்தும்?

உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ரத்த அழுத்தம் ஒரே மாதிரி 150/90 இருக்கலாம். ஆனாலும் அவருக்கு அம்லோடிபின், உங்களுக்கு டெல்மிசார்டான் என்று டாக்டர் எழுதியிருப்பார். இதில் ஒன்று ஒசத்தி, மற்றது மட்டம் என்பதில்லை. அழுத்தத்தைக் குறைப்பதில் முக்கியமான மாத்திரைகள் எல்லாம் ஏறக்குறைய சமம். எது பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பவை உங்கள் வயது, கூடவே இருக்கும் நோய்கள், ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். இந்த விவரங்களை டாக்டரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இந்த ஒப்பீடு.

அம்லோடிபின்

ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிய வைக்கும். வயதானவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் பொதுவாக ஒத்துப்போகும். உடலில் நெடுநேரம் தங்குவதால் நாளுக்கு ஒரு வேளை போதும். இதன் பெரிய தொல்லை கணுக்கால் வீக்கம், 5 மி.கி.யைவிட 10 மி.கி.யில் அதிகம் வரும். இந்த வீக்கம் நீர் பிரியும் மாத்திரைக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. அளவைக் குறைப்பதோ, கூட டெல்மிசார்டான் சேர்ப்பதோ பலன் தரும். காலில் வீக்கம் கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள்; காரணம் வேறாகவும் இருக்கலாம்.

டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில்

சர்க்கரை நோயோடு சிறுநீரில் புரதமும் போகிறவர்களுக்கு இந்த வகைதான் முதல் தேர்வு, சிறுநீரகத்தையும் காக்கும். எனலாப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். இருமல் மருந்து வாங்கிக் குடித்துப் பயனில்லை. டெல்மிசார்டானுக்கோ லோசார்டானுக்கோ மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். உதடோ நாக்கோ திடீரென்று வீங்கினால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இவை ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. ஆகவே தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின், பொட்டாசியம் பரிசோதனை அவசியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினமும் இளநீர் குடிப்பதையும், பொட்டாசியம் கலந்த ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு இந்த மூன்றுமே கூடாது, கருவைப் பாதிக்கும். லேபடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவையே அவர்களுக்கு வழக்கமாகத் தரப்படுபவை. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நீர் பிரியும் மாத்திரைகள்

ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் இரண்டும் உப்பையும் நீரையும் வெளியேற்றுபவை. இரவுத் தூக்கம் கெடாதிருக்கக் காலையில் சாப்பிடுவது நல்லது. யூரிக் அமிலம் ஏறி மூட்டுவலி வந்தவர்களுக்கு இவை உகந்தவையல்ல. முதியவர்களுக்குச் சோடியம் இறங்கிக் குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். கோடையில் கூடுதல் கவனம் தேவை.

அட்டினலால், மெட்டோப்ரோலால்

இதயத் துடிப்பைக் குறைப்பவை. மாரடைப்பு வந்தவர்களுக்கும், நெஞ்சுவலி, படபடப்பு உள்ளவர்களுக்கும் ஏற்றவை. வெறும் பிபிக்கு இவை பொதுவாக முதல் தேர்வல்ல. வீசிங் இருப்பவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இவை மறைத்துவிடும். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம்.

எந்த மாத்திரையானாலும்

ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வீட்டுக்குள் வந்துவிடும். பெயருக்குப் பின்னால் ‘ஏஎம்’ இருந்தால் பெரும்பாலும் அம்லோடிபினும், ‘ஹெச்’ இருந்தால் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்திருக்கும். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அம்லோடிபின் வாங்குபவர், தனியார் டாக்டர் எழுதிய ‘ஏஎம்’ மாத்திரையையும் விழுங்கினால் அளவு இரட்டிப்பாகும். எங்கே போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் பிபியை ஏற்றும். டெல்மிசார்டானோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தையே கெடுத்துவிடலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் டெல்மிசார்டானையும் நீர் பிரியும் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

காலையா, இரவா என்ற குழப்பம் வேண்டாம். பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2022-இல் வெளியான ‘டைம்’ ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் இரு வேளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காமல் சாப்பிட முடிகிற வேளையே நல்ல வேளை. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள்.

பிபி 120/80-க்கு வந்துவிட்டது என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நோய் போய்விட்டது என்றல்ல. ஒத்துக்கொள்ளாத மாத்திரையை மாற்றிக்கொள்ள வழி உண்டு. அதனால் தொல்லை எதுவானாலும் டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.