விளையாட்டில் விளையும் கல்வி

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் மலைப்பாதையில் உள்ளது மாட்டுப்பட்டி. அணையையும் ஏரியையும் காண வருவோர் பலர். சுற்றிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மார்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே. தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் வழியினர் அவர்களில் பலர். விடிந்ததும் வேலைக்குச் செல்லும் தாய் தன் பிள்ளையை யாரிடமேனும் ஒப்படைத்தாக வேண்டும். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் அவர்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது இதனால்தான்.

குழந்தை பத்திரமாக இருந்தால் மட்டும் தாயின் மனம் நிறைவதில்லை. "நாளெல்லாம் விளையாடிவிட்டு வருகிறான், ஓர் எழுத்துகூடத் தெரியவில்லையே" என்று அவள் ஏங்குகிறாள். இதை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. தன் முதுகில் ஏறிய கூடை பிள்ளையின் முதுகில் ஏறக்கூடாது என்ற தவிப்பு அது. ஆயினும் மூன்று வயதுக் குழந்தையின் விரல்களில் பென்சிலைத் திணித்தால் அந்தத் தவிப்பு தீருமா?

நம் முன்னோர் குழந்தைப் பருவத்தை எவ்வாறு நோக்கினர் என்பதைப் பிள்ளைத்தமிழ் இலக்கியம் காட்டுகிறது. தெய்வத்தையே குழந்தையாக்கிப் பாடும் அந்நூல்கள் பத்துப் பருவங்களை வகுத்தன. சப்பாணி கொட்டுவதும், அம்புலியை விளையாட அழைப்பதும் அவற்றுள் அடங்கும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிறுபறை, சிற்றில், சிறுதேர். பறை கொட்டுதல், மணல்வீடு சிதைத்தல், தேர் உருட்டுதல் என மூன்றுமே விளையாட்டு. எழுத்தறிவிக்கும் பருவம் அந்தப் பத்தில் இல்லை.

மாட்டுப்பட்டிக்குக் கிழக்கே, மலைமுகடுகளுக்கு அப்பால் இருக்கிறது கொடைக்கானல். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல், தம் 69-ஆம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டே இத்தாலி போரில் இறங்கியதால், ஆங்கில ஆட்சியின் கண்ணில் அவர் பகைநாட்டவரானார். நாடு திரும்ப இயலாத அந்தக் காலத்தில், 1942 முதல் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார்.

ரோம் நகரில் அவர் கண்ட ஒரு காட்சியைக் குழந்தைகளோடு பழகும் எவரும் அறிந்திருக்க வேண்டும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றிவந்து பாடச் செய்தார் மாண்டிசோரி, அவள் நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் சேர்த்துக்கொண்டு அவள் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கும் மேல் செய்தபின், யாரும் சொல்லாமலே நிறுத்தி, உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் சுற்றிலும் பார்த்தாள். மாண்டிசோரி இதை விளையாட்டு என்னாமல் குழந்தையின் வேலை என்றே அழைத்தார். பெயர் எதுவாயினும், பெரியவர்கள் ஜபத்தில் அமர்ந்து தேடும் ஒருமைப்பாடு அங்கே தானே வந்து வாய்த்திருந்தது.

அறிவு மனிதனுள்ளேயே உறைகிறது, ஆசிரியரின் பணி தடைகளை அகற்றுவதே என்றார் சுவாமி விவேகானந்தர். மன ஒருமைப்பாட்டையே கல்வியின் சாரமாகவும் அவர் கருதினார். விளையாட்டை அடிப்படையாகக் கொண்ட மழலையர் பள்ளியில் பெருந்தடை பெரும்பாலும் பெரியவரே. மூழ்கியிருக்கும் குழந்தையிடம் "அப்படியல்ல, இப்படி" என்று கை நீட்டுவது தடை. "சபாஷ்" என்பதும் தடைதான். பாராட்டுக்குப் பழகிய குழந்தை மணலைப் பார்ப்பதை விட்டு ஆசிரியையின் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். அடுத்த பிள்ளையோடு ஒப்பிடுவதோ இவற்றினும் கொடிது. ஆகவே இத்தகைய பள்ளியில் முதற்பயிற்சி ஆசிரியைக்கே உரியது. ஆபத்தும் அடிதடியும் நேராமல் காத்து, விளையாடிய பொருளை எடுத்த இடத்தில் வைக்கப் பழக்கி, மற்ற நேரத்தில் கையையும் நாவையும் அடக்கி அருகிருப்பது எளிய தவமன்று.

2022-இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, மூன்று முதல் எட்டு வயதுவரை விளையாட்டுவழிக் கல்வியை வலியுறுத்துகிறது. தைத்திரீய உபநிஷதத்தின் ஐந்து கோசங்களையும் வளர்ச்சிக்கான நோக்காக அது எடுத்துக்கொண்டுள்ளது. சரிவில் ஓடி மூச்சிரைப்பதும், இலை மிதக்கக் கல் ஏன் மூழ்கிற்று என வியப்பதும் அந்த வளர்ச்சியைச் சேர்ந்தவையே. இதற்கு விலையுயர்ந்த பொம்மைகள் வேண்டா. மணலும் நீரும் விதைகளும் கூழாங்கற்களும் போதும்.

எஞ்சுவது தாயின் கேள்வி. மாலையில் களைத்து வரும் அவளிடம், "விளையாடினான்" என்ற ஒரு சொல்லோடு பிள்ளையை ஒப்படைப்பது முறையாகாது. கற்களை அளவுப்படி அவன் அடுக்கிய வரிசையை அவளுக்குக் காட்டலாம். விழுந்தவனைத் தூக்கிவிட்டதைச் சொல்லலாம். நாளை அவன் எண்ணைக் கற்பதற்கு அந்தக் கல்வரிசை எவ்வாறு உதவும் என்பதை, அவள் கூடையை இறக்கி வைத்திருக்கும் அந்தச் சிறுபொழுதிலேயே விளக்கிவிட முடியும்.