பெருந்தவளை

தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. சூத்திர நிலைக்குத் தவளைப் பாய்ச்சலை உவமை கூறும் நன்னூல் பயின்ற யாம், வாயைப் பற்றிய இப்பழி பொருந்துமோ என்பதனை ஓசூர்ப் பக்கத்துப் பெருந்தவளையைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இந்தியத் தவளைகளுள் உருவிற் பெரியது இதுவே, 17 செ.மீ. வரை வளரும். உயிர்நூலார் இதற்கிட்ட பெயர் ஹோப்லோபாட்ராகஸ் டைகரினஸ் என்பது. உலகத் தவளைகளுள் மிகப் பெரியதோ ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டிலுள்ளது; நிறை மூன்று கிலோவிற்கும் மேற்படும். திருமறையிற் காணும் கோலியாத்தின் பெயரை அது தாங்கியும், ஆணுக்குக் குரற்பை இல்லை!

நம் பெருந்தவளைக்கோ குரலே வாழ்வு. வறண்ட காலத்து மண்ணுட் புதைந்து கிடந்து, பெருமழை பெய்தவுடன் வெளிப்போந்து நீர்தேங்கிய இடங்களிற் கூடும். அப்போது ஆணின் உடல் எலுமிச்சை மஞ்சளாகவும், இரு குரற்பைகளும் நீலமாகவும் மாறும். அது கூவுங்கால் வாயும் மூக்கும் மூடியே இருக்கும். நுரையீரற் காற்றே குரல்வளை வழியாகப் பைகளுட் சென்று மீளும். வாய் திறவாது கூவும் உயிரை வாயாற் கெட்டது என்றல் எங்ஙனம்? அவ்வாய் திறப்பது இரைக்கே. பூச்சி, எலி, சிறு பாம்பு, பிற தவளை யாவும் அதற்கு உணவு. விழுங்கும்போது கண்கள் உள்ளே அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. தலைப்பிரட்டைகளும் ஒன்றையொன்று தின்னும்.

கேடு உண்மையில் காலால் வந்தது. தொடையிறைச்சிக்காக இவை பெருவாரியாகப் பிடிக்கப்பட்டு மேனாடுகளுக்கு ஏற்றுமதியாயின. பயிர்ப்பூச்சியைத் தின்னும் உயிர் அருகுவது கண்டு, 1987-இல் இந்திய அரசு அவ்வாணிகத்தைத் தடுத்தது.

இன்றைய கேடு வேறு. தென்பெண்ணையின் கெலவரப்பள்ளி அணையிலும் ஓசூர் இராமநாயக்கன் ஏரியிலும் நீர் உண்டே எனின், மீன் மலிந்த ஆழ்நீரில் தலைப்பிரட்டை பிழைத்தல் அரிது. அதற்கு வேண்டுவது, மழையில் நிறைந்து பின் வற்றும் ஆழமில்லாக் குட்டை. ஏரி என்ற பெயர் பெறாமையால், தொழிற்சாலைக்கும் மனைக்கும் நிலம் திருத்துங்கால் முதலில் தூர்வது அதுவே.

சென்ற ஆண்டு முதன்மழை இரவில் ஓசூர்ப் புறத்துக் குட்டையொன்றிற் பத்துக்கு மேற்பட்ட ஆண்தவளைகள் கூவக் கேட்டோம். இவ்வாண்டு சென்றபோது அவ்விடத்தே லாரிகள் கொட்டிய செம்மண் மேடே இருந்தது. சாலையோரப் பள்ளத்தில், கணுக்கால் அளவு நீரில், ஓர் ஆண் மட்டும் மஞ்சள் பூண்டு கூவிக்கொண்டிருந்தது.