சனிக்கிழமை மூன்று மணி

பிள்ளை,

மட்டக்களப்புப் படுவான்கரையில் சிறுவருக்கு ஒரு கலைக்கூடம் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். நெஞ்சு நிறைந்தது. 2009-இல் இலங்கையில் சண்டை ஓய்ந்தது. ஆனாலும் காணாமற்போனவரின் படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்று தெரியாத வீடுகள் இங்கே இன்னும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் உன்னிடம் வரப்போகிறார்கள். முப்பது வருடம் இந்த வாவிக்கரையில் கூத்தும் களிமண்ணுமாய்க் கிடந்தவன் நான். விட்ட பிழைகளே என் சொத்து. அவற்றை உனக்கு எழுதித் தருகிறேன்.

1. சொன்ன நேரத்தில் கதவைத் திற. தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை, காலையில் ஊரில் சுற்றிவளைப்பு. பின்னேர வகுப்புக்கு யார் வரப்போகிறார்கள் என்று வீட்டிலிருந்துவிட்டேன். மூன்று மணிக்கு நாலு பேர் வந்து, பூட்டிய கதவடியில் பொழுதுபடும்வரை குந்தியிருந்தார்களாம். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னபடி எதுவும் நடக்காது. பள்ளிக்கூடம் திடீரென்று மூடும், பஸ் வராது, சந்தைக்குப் போன அப்பா திரும்பமாட்டார். உன் கதவாவது சொன்னபடி திறக்கட்டும். மற்றக் கலையெல்லாம் அதற்குப் பிறகு.

2. காயத்தைக் கேட்டு வாங்காதே. ஒரு பொடியனிடம், எல்லாருக்கும் முன்னால், "அப்பா எங்கே மகன்?" என்று கேட்டுவிட்டேன். மூன்று கிழமை அவன் வரவில்லை. 1996-இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், களிமண்ணையும் வண்ணத்தையும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை அவர்கள் பாட்டில் விட்டிருந்ததைப் பார்த்தபிறகே எனக்குப் பொறுமை வந்தது. அவன் திரும்பி வந்து கிழமைக்கு ஒரு மாட்டுவண்டி செய்தான், செய்து உடைத்தான். ஒருநாள் உடைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கனிகிற பழத்தைக் கம்பால் அடிக்கக் கூடாது.

3. ஆயுதம் வைத்திருப்பவருக்கு மேடை கொடாதே. ஆயுதம் வைத்திருந்த ஒரு தரப்பு தங்களுக்காக ஒரு நாடகம் போடச் சொன்னது. பயத்தில் ஒருமுறை தலையாட்டினேன். அடுத்த கிழமை பாதிப் பிள்ளைகளைத் தாய்மார் அனுப்பவில்லை. அவர்களைத் திரும்பக் கூட்டிவர இரண்டு வருடம் வீடுவீடாக நடந்தேன். "இது பிள்ளைகளின் இடம்" என்ற ஒரே பதிலை எல்லாருக்கும் சொல். பணிவாகச் சொல், ஆனால் மாற்றாதே.

4. அடுத்த ஊரின் நாளும் நேரமும் தெரிந்துகொள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் வகுப்பு வைத்துவிட்டு, முஸ்லிம் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று யோசித்தவன் நான். நோன்பு நாளில் பலகாரமும் பரிமாறினேன். ஒரு தாய் கோபிக்காமல் எடுத்துச் சொன்னபோது வெட்கினேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகளும் மாண்டார்கள். அதன்பின் தமிழ், முஸ்லிம் என்று இரு பக்கத்துப் பெற்றோரும் அஞ்சினார்கள். பல வருடம் அவர்கள் வீட்டில் தேநீர் குடித்த பழக்கம்தான் அப்போது கைகொடுத்தது. நல்ல நாளில் போகாத வீட்டுக்குக் கெட்ட நாளில் வழி தெரியாது.

5. வருகிற காசைப் பார்த்துக் கூரையை உயர்த்தாதே. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் உதவிப்பணம் நிறைய வந்தது. ஜெனரேட்டர் வாங்கினோம், சம்பளத்துக்கு ஆள் வைத்தோம். திட்டக்காலம் முடிந்ததும் காசு நின்றது, ஆட்களும் போனார்கள். மிஞ்சியது ஊரார் தந்த ஓலைக்கொட்டிலும் பழைய மத்தளமும்தான். உதவியை நன்றியோடு வாங்கு. ஆனால் அது நின்ற மறுநாளும் நடக்கக்கூடியதை மட்டும் அன்றாடமாக்கு. இரவல் மத்தளத்தில் விடியும்வரை கூத்தாட முடியாது.

6. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைப் பார்த்துப் படி. வடமோடிக் கூத்துக் களரியில் அவர் நடுவில் நின்று இரவிரவாய் மத்தளம் அடிப்பார். சபை பார்ப்பதோ ஆடுகிற பிள்ளையை. நான் சாவியையும் கணக்கையும் மடியிலேயே வைத்திருந்தேன். இரண்டு மாதம் காய்ச்சலில் விழுந்தபோது கூடமும் மூடிக்கிடந்தது. பிறகு மூத்த பெண்பிள்ளைகளிடம் சாவியைக் கொடுத்தேன். என்னைவிட நன்றாக நடத்தினார்கள். நீ முதல் வருடமே கொடு.

7. கட்டிடம் போனால் மனம் உடையாதே. பாலஸ்தீனத்தின் ஜெனின் அகதி முகாமில் அர்னா மெர் என்ற அம்மா பிள்ளைகளுக்காக உருவாக்கிய அரங்கு 2002-இல் அழிந்தது. அவர் மகன் ஜூலியானோ 2006-இல் அதே முகாமில் சுதந்திர அரங்கைத் தொடங்கினார். 2011-இல் அதன் அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகும் அங்கே நாடகம் நடந்தது, ஏனென்றால் நடிக்கப் படித்தவர்கள் இருந்தார்கள். சுவருக்குச் செலவழிப்பதைவிட ஆளுக்குச் செலவழி.

இனி உனக்கு என் சொல் வேண்டாம், பிள்ளை. வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்குக் கதவைத் திற. ஒரே ஒரு பிள்ளை வந்தாலும், வகுப்பை நடத்து.