நீக்கிப் போடுவதை நிறுத்து, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கடை சர்வரில் எஞ்சின்எக்ஸ் ஏறவில்லை என்று நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். திரையின் கடைசி வரி மட்டும்தான் அதில் இருக்கிறது: டிபிகேஜி, பிழை எண் 1. நீக்கிவிட்டுத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன் என்கிறாய். பொங்கல் நெருங்குகிறது, வெல்ல லோடு இறங்கிக்கொண்டிருக்கிறது, முதலாளி பின்னாலேயே நிற்கிறார். உன் பதற்றம் புரிகிறது. ஆனாலும் நீக்கிப் போடுவதை இப்போதே நிறுத்து.

பள்ளியில் தந்த மடிக்கணினியில் நீ பழகிய பாஸ் லினக்ஸ் போலவே இந்தச் சர்வரில் ஓடும் உபுண்டுவும் டெபியன் வழி வந்தது. இந்தக் குடும்பத்தில் பொதியை நிறுவும்போது முதலில் கோப்புகள் வட்டில் இறங்கும். பிறகு ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடி, சேவையைக் கையோடு கிளப்பியும் பார்க்கும். ஃபெடோராவில் இந்த வழக்கம் இல்லை, அங்கே கிளப்புவது நம் வேலை. உன் சர்வரில் கோப்புகள் ஒழுங்காகவே இறங்கியிருக்கும். சேவைதான் கிளம்பியிருக்காது. அதனால் ஸ்கிரிப்ட் தோற்றது, ஸ்கிரிப்ட் தோற்றதால் டிபிகேஜி கையை விரித்தது. இதற்கு மறுபடி நிறுவி என்ன பயன்?

பொதி இப்போது பாதி அமைந்த நிலையில் கிடக்கிறது. சம்பந்தமே இல்லாத வேறொன்றை நிறுவப் போனாலும் ஏபிடி இந்தப் பழைய பாக்கியைத் தீர்க்கப் பார்த்து, அதே பிழையைக் கொட்டும். புதுப் பொதிமேல் பழியைப் போட்டு இரவெல்லாம் அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்கிரிப்டையே அழித்துவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதே. பிழைச் செய்தி மறையும், சேவை ஓடாது.

காரணம் ஜர்னலில் இருக்கிறது. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கடைசிப் பத்து வரியைத்தான் காட்டும். ஜர்னல்சிடிஎல்லுக்குச் சேவையின் பெயரைக் கொடுத்து, மேலிருந்து நிதானமாகப் படித்து வா. 'எமர்ஜ்' என்ற வரியில் நின்று, அதிலுள்ள எண்ணைப் பார்.

எண் 97 என்றால் அந்த மெஷினில் ஐபிவி6 அணைந்திருக்கிறது. எஞ்சின்எக்ஸோடு வரும் இயல்பு அமைப்பு ஐபிவி6 முகவரியிலும் 80ஆம் போர்ட்டைத் திறக்கச் சொல்கிறது, முடியாமல் விழுகிறது. சைட்ஸ்-எனேபிள்ட் அடைவில் டீஃபால்ட் கோப்பைத் திற. 'லிசன்' வரிகளில், சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளி உள்ள வரியின் முன்னால் ஒரு ஹேஷ் போடு. 'எஞ்சின்எக்ஸ் -டி' கொடுத்து அமைப்பைச் சோதி. பிறகு 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. நிறுவல் விட்ட இடத்திலிருந்து முடியும்.

எண் 98 என்றால் போர்ட்டை ஏற்கெனவே வேறொன்று பிடித்திருக்கிறது, பெரும்பாலும் அப்பாச்சி. மண்டி வாசலில் ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் நிற்கும். நிற்பது யார் என்று 'எஸ்எஸ்' கட்டளை காட்டும். ஆனால் கண்டதும் நிறுத்திவிடாதே. கடையின் பில் போடும் மென்பொருளே அதில் ஓடிக்கொண்டிருக்கலாம். முதலாளியைக் கேட்டபின் கை வை.

இனி போட்டோ வேண்டாம். ஜர்னல் வரிகளை அப்படியே நகலெடுத்து எழுத்தாக அனுப்பு. 97ஆ 98ஆ என்று இன்றிரவே சொல்.

அன்புடன்,
அண்ணன்