கல்லூரி மாணவரும் இல்லத்துச் சார்பும்

உயிரானது சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபாம். மலத்தைச் சார்ந்துழி மலத்தின் வண்ணமாயும், திருவருளைச் சார்ந்துழி அவ்வருளின் வண்ணமாயும் நிற்கும் அதன் தன்மைக்குப் பளிங்கினை உவமை காட்டுவர் ஆசிரியர். இவ்வுண்மை பெத்தம் முத்தி பற்றிய ஆராய்ச்சிக்கே உரியதெனக் கருதி, உலகியலில் வைத்துப் பார்த்தலை நம்மனோரிற் பலர் விடுத்தனர். கோவை முதலிய கொங்குநாட்டு நகரங்களிற் கல்லூரிகள் மல்கியிருக்கும் இந்நாளில், கோபிசெட்டிபாளையம், காங்கயம், உடுமலை முதலியவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களினின்றும் பதினேழு பதினெட்டு வயதிற் புறப்பட்டு விடுதிகளில் வாழும் மைந்தரும் மகளிரும் எச்சார்பினால் எவ்வண்ணமாகின்றனர் என்பது ஆராயத்தக்கது.

சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரம் ஈண்டு நினைக்கற்பாலது. ஐம்பொறிகளாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்திருந்த மன்னவன் மகனுக்கு, முதல்வன் குருவாய் வந்து உண்மையை உணர்த்துகின்றான் என்பது அதன் கருத்து. இதனைக் கேட்கும் பெற்றோர் சிலர், கல்லூரியே வேடர் சேரி, தம் இல்லமே அரண்மனை என எளிதிற் பொருள் கொள்வர். அது பொருந்தாது. வேடர் எனப்பட்டன ஐம்பொறிகளேயன்றி ஓர் இடம் அன்று. அவை விடுதியிலும் உள. நம் வீட்டுக் கூடத்திலும் உள. கைப்பேசி வந்தபின் இவ்விரண்டிடத்திற்கும் வேற்றுமை காண்டலே அரிதாயிற்று.

இனி, இல்லம் செய்வது யாது எனின், திருத்தொண்டர் புராணத்துள் மருணீக்கியார் வரலாறே தக்க விடையாம். அவர் இல்லம் விட்டுப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்ததனை, இக்கால மாணவர் வேற்றூர்க் கல்லூரி புகுதலோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஆண்டு அவர் அரிய நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரொடு தலைமையும் எய்தினார் எனச் சேக்கிழார் பெருமான் மறையாது கூறுகின்றார். அக்கல்வியை அவர் இகழவில்லை என்பதும் கருதற்பாலது.

அக்காலமெல்லாம் தமக்கையார் செய்தது என்ன? பெற்றோரையும் இழந்து, தமக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரையும் போரில் இழந்து, தம்பியின் பொருட்டே உயிர் தாங்கியிருந்தவர் அவர். அத்தம்பியும் பிரிந்தபோது திலகவதியார் அவர் பின்சென்று வாதிட்டாரில்லை. உறவினரைக் கூட்டி நெருக்கினாருமில்லை. திருவதிகை வீரட்டானத்தை அடைந்து அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல் ஆகிய தம் பணிகளை நாள்தோறும் வழுவாது செய்தார், இறைவனிடம் முறையிட்டார். தம்பியார் சூலைநோயால் வருந்தி ஆள் விடுத்தபோது, தாம் சமணப் பள்ளிக்கு வருவதற்கில்லை என்று உறுதியாக மறுத்தார். அவரே இரவில் வந்து அடிவீழ்ந்தபோதோ, ஒரு கடுஞ்சொல்லுஞ் சொல்லாது திருநீறளித்து, விடியுமுன் திருவலகொடு புறப்பட்ட தம்மொடு அவரையும் திருக்கோயிலுட் புகுவித்தார். நோயுற்ற தம்பியார் நெஞ்சு முதற்கண் நினைந்தது தமக்கையாரையே என்பதை ஆழ்ந்து நோக்குக. நினைத்தற்கு ஒருவர், நிலைபெயராது ஓரிடத்தில் இருந்தார். நிலையும் வேண்டும், அன்பும் வேண்டும். நிலையின்றி அன்பு மட்டும் உடையார் பள்ளிக்கே சென்றிருப்பர். அன்பின்றி நிலை மட்டும் உடையார் கதவடைத்திருப்பர்.

அற்றேல், உயிர் தன் வினைக்கீடாகவே நடத்தலின் குடும்பத்தார் முயற்சி வீணன்றோ எனின், அன்று. வினையை ஊட்டுவான் இறைவன். தாய் தந்தை உடன்பிறந்தார் என்னும் துணைகளும் அவன் கூட்டுவனவே. சூலையை அருளியவன் இறைவன். திருநீறு வந்தது தமக்கையார் கையினின்று.

அண்மைக் காலத்துச் சான்றும் கோவையிலேயே உண்டு. சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் (1878-1961) ஆங்கிலக் கல்வி பயின்று வழக்கறிஞரானவர். பெரியபுராணத்திற்கு அவர் கண்ட விரிவுரை 7 தொகுதிகளாக வெளிவந்து இன்றும் நம் கைகளில் உள்ளது. 1908 இல் தண்டனை பெற்றுக் கோவைச் சிறையில் இருந்த வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு, ஆட்சியாளர் சினத்தை அஞ்சாது உதவியவரும் அவரே. அவர் தந்தையார் கந்தசாமி முதலியாரும் வழக்கறிஞர். தமிழ்ப் புலமையும் உடையார். தொழிலும் தமிழும் ஒருவரிடத்தே முரணின்றி நிற்றலை அம்மைந்தர் இளமையிலேயே கண்ணாற் கண்டார் என்பது எம் கருத்து. பூசையறையில் ஒருவராயும் கணக்கேட்டின் முன் வேறொருவராயும் இருக்கும் தந்தையைக் கண்டு வளர்ந்த மாணவன், அவ்விரண்டில் எதனைச் சார்வான்? பெரும்பாலும் இலாபம் தந்ததனையே.

கொங்குநாட்டில் ஒவ்வொரு கூட்டத்தார்க்கும் குலதெய்வக் கோயில் உண்டு. ஆண்டுக்கொருமுறை மைந்தரை அங்கு அழைத்துச் செல்லுதல் நன்றே. எனினும், அவ்விழா எவர் எத்தகைய காரில் வந்திறங்கினர் என்னும் கணக்காய் முடியுமாயின், மைந்தர் கற்றுத் திரும்புவதும் அக்கணக்கே. வேதம் வல்ல குடியிற் பிறந்தும் எச்சதத்தன் தன் மகனாரது பூசையைக் காலால் இடறினமை நாம் அறிந்ததே. குலம் மட்டும் காவலாகாது. பேரூரில் 1953 இல் தோன்றிய சாந்தலிங்க அடிகளார் அருள்நெறித் தமிழ்க் கல்லூரி போல மடத்தின் நிழலிற் கற்பிக்கும் நிலையங்கள் இதற்கு ஒருவகைத் துணையாம். ஆயினும் பொறியியலும் மருத்துவமும் பயில்வோர் தொகை பெரிது. அவர்க்கு இல்லமே மடமாதல் வேண்டும்.

இதனை எழுதும் யாமும் இதில் தவறினவரே. எம் மகன் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் வெறுநெற்றியொடு வீட்டிற்கு வந்தபோது, விருந்தினர் முன்னிலையில் அவனைக் கடிந்தோம். சித்தாந்தம் கற்பிப்பவன் வீட்டுப் பிள்ளையா இவன் என்றோம். அச்சொல்லில் இறைவனைக் குறித்த கவலையினும் எம் பெயரைக் குறித்த கவலையே மிகுதி. அதன்பின் இரண்டு பொங்கல்களுக்கு அவன் வரவில்லை. அவன் தாயார் மட்டும் நாள்தோறும் தொலைபேசியில் உண்டனையா என்று கேட்பார்; திருநீற்றைப் பற்றி ஒருநாளும் கேட்டிலர். காலையில் வாயில் தெளித்துக் கோலமிட்டு விளக்கேற்றுதலையும் அவர் விட்டிலர்.

மூன்றாம் ஆண்டு மார்கழித் திருவாதிரைக்கு அவன் முன்னறிவிப்பின்றி இரவில் வந்தான். விடியற்போதில் மூவரும் பேரூர் சென்றோம். பட்டீசர் திருமுன் அவன் தாயார் தம் கையிலிருந்த திருநீற்றை நீட்ட, அவன் குனிந்தான். எமக்கு அப்பொழுது சொல்லத்தக்க ஒரு சொல்லும் தோன்றவில்லை.