தொண்டில் தாழ்ச்சி



தலையான பாவங்கள் ஏழில் முதலாவது அகங்காரம் என்றும், அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி என்றும் சிறு வயதிலேயே ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஆனால் படித்த தாழ்ச்சியைக் கோவில் காரியங்களில் காண்பது எளிதன்று. சப்பரத்துக்கு முன்னால் யார் நடப்பது, திருநாள் அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது, நன்கொடைக் கல்லில் எவ்வளவு பெரிய எழுத்து வெட்டுவது என்ற பேச்சு எழும்போது, பல வருஷம் மனமுவந்து உழைத்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர் பூசைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பெயரைக் காப்பாற்றப் போய் ஆத்துமத்துக்கு நஷ்டம் வருகிறது. ஆகையால் தொண்டு செய்கிறவனுக்குத் தாழ்ச்சி எது என்பதை இந்த வாரம் சிந்திப்போம்.

முதலாவது, தாழ்ச்சி அல்லாதது எது? "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் அதை மறுத்துப் புகழட்டும் என்று காத்திருப்பது தாழ்ச்சியன்று. பாடத் தெரிந்தவன் பாடாமலும், கணக்கு எழுதத் தெரிந்தவன் எழுதாமலும் ஒதுங்கி நிற்பதும் தாழ்ச்சியன்று. தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனை எஜமான் மெச்சிக்கொள்ளவில்லை. தாழ்ச்சி என்பது உண்மையை ஏற்றுக்கொள்வது. என்னிடம் உள்ளதெல்லாம் சர்வேசுரன் தந்தது, வேலை அவருடையது, நான் வேலைக்காரன். வேலை செம்மையாய் நடக்கவேண்டும். அது யார் கையால் நடந்தது என்பது பெரிதன்று.

இதற்குத் தூரத்தில் உதாரணம் தேடவேண்டாம். நம் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவன் பராக்கிரம பாண்டியன். அந்தக் கோயிலில் பாட்டாக வெட்டப்பட்ட அவனுடைய கல்வெட்டு ஒன்று உண்டு. அரசர்களின் கல்வெட்டு பெரும்பாலும் அவர்கள் வெற்றியைப் பேசும். இதுவோ, பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை ஏதும் நேர்ந்து, அதை யார் வந்து திருத்திக் காத்தாலும் அவர்களை உலகறியப் பணிகிறேன் என்று பேசுகிறது. காலப்போக்கில் சிதைந்து போன இராசகோபுரம் 1990-ஆம் வருஷம் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது. அதற்காகக் கல் சுமந்தவர்களையும் சாந்து குழைத்தவர்களையும், அவர்கள் பிறப்பதற்கு ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே ஓர் அரசன் பணிந்திருந்தான்! நம் விசுவாசம் வேறு. ஆயினும் இந்தப் பாடம் நமக்கும் வேண்டியது. தன் பெயரைவிடத் தான் தொடங்கிய வேலையை அதிகமாய் நேசித்தவன், தனக்குப் பின் வருகிறவனைக் கண்டு பொறாமைப்படமாட்டான்.

அரசன் பணிந்தது தன் வேலையைக் காப்பவர்களை. நம் ஆண்டவரோ இன்னும் கீழே இறங்கினார். அர்ச். அருளப்பர் சுவிசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தை வீட்டில் எல்லோருமாக வாசியுங்கள். சேசுநாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் பாதங்களைக் கழுவினார். தம்மைக் காட்டிக்கொடுக்கத் துணிந்துவிட்ட யூதாசும் அப்போது அங்கேதான் இருந்தான். அவன் பாதங்களையும் அவர் விட்டுவிடவில்லை. நன்றி சொல்லுகிறவனுக்கு மாத்திரம் செய்வது கொடுக்கல் வாங்கல். நன்றி மறந்தவனுக்கும் செய்வதே தொண்டு. இராயப்பர் தம் பாதங்களைக் கழுவ வேண்டாமென்று தடுத்தபோது ஆண்டவர் சம்மதிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பிறர் செய்யும் உதவியை வாங்கிக்கொள்ளவும் தாழ்ச்சி வேண்டும்.

இந்தப் பாடத்தை நம் பக்கத்துக் கடற்கரையில் நடத்திக் காட்டியவர் அர்ச். சவேரியார். 1541-ஆம் வருஷம் அவர் லிஸ்பனில் கப்பலேறியபோது பாப்பானவரின் பிரதிநிதி என்ற பெரிய பதவி அவருக்கு இருந்தது. பணிவிடைக்கு ஓர் ஆளை அனுப்புகிறோம் என்றார்கள், அவர் இசையவில்லை. 1542-இல் கோவாவில் இறங்கியதும், தம்முடைய அதிகாரப் பத்திரங்களை மேற்றிராணியார் முன் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு தங்கினார். பின்பு முத்துக்குளித்துறைக்கு வந்து, பாரிஸ் சர்வகலாசாலையில் படித்த அவர், தமிழில் செபங்களைச் சிறு பிள்ளையைப் போல் மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பதவி அவருக்கு இருந்தது. ஆனால் அதைச் சுமந்துகொண்டு அவர் தெருவில் நடக்கவில்லை.

இனி நம்மை நாமே மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம்.

ஒன்று: நான் செய்ததை வேறொருவர் செய்ததாகப் பிறர் பேசினால், அந்த வேலையை நாளைக்கும் அதே மனதோடு செய்வேனா?

இரண்டு: என் பொறுப்பை இளையவர் ஒருவருக்குக் கொடுத்தால், சாவியோடு சேர்த்து எனக்குத் தெரிந்ததையும் கொடுப்பேனா? அல்லது அவர் தவறுவதற்காகக் காத்திருப்பேனா?

மூன்று: சாதி, பணம், படிப்பு எதிலும் என்னைவிடக் குறைந்தவர் என்று ஊர் சொல்லுகிற ஒருவரின் கீழ் நான் வேலை செய்வேனா? 1745-ஆம் வருஷம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் பிள்ளை, அரண்மனை உத்தியோகஸ்தராய் இருந்தும் சாதி வித்தியாசம் பாராமல் எல்லோரோடும் பழகினார். திருச்சபை 2022-இல் அவரை அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தியது.

குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு பெரிய முழக்கத்தோடுதான் கீழே இறங்குகிறது. அருவியைப் பார்க்க எங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் அதே தண்ணீர் முழக்கம் அடங்கி வாய்க்காலில் ஓடும்போதுதான் வயல் விளைகிறது. கடைசியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து தன் பெயரையும் விட்டுவிடுகிறது. பெயர் போனதால் தண்ணீர் வீணாகவில்லை.

இந்த வாரத்துக்கு ஒரு நற்செயல்: கோவிலிலோ வீட்டிலோ, யாருக்கும் தெரியாத ஒரு வேலையைச் செய்யுங்கள். யார் செய்தது என்று கேட்டால் மாத்திரம் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். யாரோடாவது மரியாதைக்காக மனஸ்தாபம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள். பாதம் கழுவுகிறவர் முதலில் குனியத்தான் வேண்டும்.