தணிதலும் தணித்தலும்

‘தணி’ என்பது பழந்தமிழ்ச் சொல். தீத் தணிந்தது, வேட்கை தணிந்தது, சினம் தணிந்தது என்று வழங்குகிறோம். தானே குறைவது தணிதல், அது தன்வினை. பிறர் முயன்று குறைப்பது தணித்தல், அது பிறவினை. இரு திறத்தார் பகை கொண்டு, ஒருவர் செயலுக்கு மற்றவர் அதனினும் கடுமையாக விடை இறுக்கும்போது, அவ்வேற்றத்தை இறங்குமுகமாக்குவதை இக்காலச் செய்தித்தாள்கள் ‘பதற்றத் தணிப்பு’ என எழுதுகின்றன. தொடர்தான் புதிது. உறையூரை நலங்கிள்ளி முற்றியபோது, உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியும் அவனும் ஒரு குடியினரே என்பதை எடுத்துரைத்துப் போரை விலக்க முயன்ற கோவூர் கிழார் செய்ததும் இதுவே. தணிப்பு வேறு, சமாதானம் வேறு என்பதையும் உளங்கொள்க. சமாதானம் பகையின் முடிவு. தணிப்போ பேசுதற்கு இடமளிப்பது மட்டுமே.

பொருநை நாட்டில் 1908ஆம் ஆண்டு நிகழ்ந்தவை இச்சொல்லை நன்கு விளக்கும். தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி குறைவு, வேலை நேரமோ மிகுதி, வார விடுமுறையும் இல்லை. வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணைநின்றனர். நகரம் கொந்தளித்தது. மில் நிருவாகத்தார் சின்னாளில் இறங்கிவந்து கூலி உயர்வுக்கு இசைந்தனர். தொழிலாளரும் வேலைக்குத் திரும்பினர். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பது நம் பழமொழி. நிருவாகத்தார் பிடுங்கியது கூலிக்குறை என்னும் கொள்ளியை.

ஆங்கில அரசினர் செய்ததோ வேறு. விபின் சந்திர பாலர் விடுதலையான நாளைத் தலைவர்கள் கொண்டாடினர் என்று சினந்து, மார்ச் 12இல் அவர்களைச் சிறைப்படுத்தினர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. மாணவரும் வீதிக்கு வந்தனர். நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். (சிறைப்படுத்தாது அழைத்துப் பேசியிருப்பின் அந்நால்வரும் பிழைத்திருக்கக் கூடும்.) பின்னர்த் தண்டக் காவற்படை நிறுத்தி, அதன் செலவையும் ஊரார் தலையிலேயே சுமத்தினர். ஜூலையில் வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

வீதிகள் அமைதியுற்றன, அரசினர் அதனைத் தணிவு என்று கருதினர் போலும். அஃது அடக்கமேயன்றித் தணிவு அன்று. 1908இல் தூத்துக்குடியில் துணைக் கலெக்டராயிருந்த ஆஷ், பின்பு திருநெல்வேலிக் கலெக்டரானார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில், இரயில் வண்டியினுள் அமர்ந்திருந்த அவரை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தாமும் அங்கேயே உயிர் துறந்தார்.